டோக்கியோ ஆட்டோ சலோன் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சிபாவில் உள்ள மாகுஹாரி மெஸ்ஸே அரங்கில் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் மாடிஃபைடு கார் கண்காட்சி இது. 1983-இல் 'டோக்கியோ எக்ஸைட்டிங் கார் ஷோ' என்று தொடங்கியது. 1987 முதல் இப்போதைய பெயர். கண்காட்சி, அங்கே வண்டி ஓட்டுவது, பாகங்கள் வாங்குவது பற்றிக் கேளுங்கள். விசா பற்றித் தூதரக விசா மையத்தில் கேளுங்கள், அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

முதல்முறைப் பயணி: எந்த நாள் போகலாம்? டோக்கியோவிலிருந்து எப்படிப் போவது?

வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள். வெள்ளியின் முதல் பகுதி பத்திரிகையாளர்களுக்கும் தொழில்துறையினருக்கும். பொதுமக்களை அதற்குப் பிறகுதான் விடுவார்கள். டிக்கெட் அந்தந்தத் தேதிக்குத் தனித்தனி. முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். முடிந்தால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். 1 முதல் 8 வரையான ஹால்கள் ஒரே வரிசையில் இருக்கும். 9 முதல் 11 வரை தெருவுக்கு அந்தப் பக்கம். எட்டு ஹாலும் நடந்து கால் வலித்தவர்கள் அந்தப் பக்கம் போகாமலே திரும்பிவிடுகிறார்கள். வரைபடத்தில் உங்களுக்கு வேண்டிய ட்யூனர்களை (கார்களை மாற்றியமைக்கும் நிறுவனங்களை) முதலில் குறித்துக்கொண்டு, தூரத்து ஹாலிலிருந்து தொடங்குங்கள். ஆட்டோமொபைல் கல்லூரி மாணவர்கள் கட்டிய வண்டிகளையும் தவற விடாதீர்கள். வெட்டியது, பற்றவைத்தது, தட்டி எடுத்தது எல்லாம் அவர்கள் கை வேலை. பெரிய கம்பெனி மேடையில் அந்த அளவு கற்றுக்கொள்ள முடியாது.

ரயில்: ஜே.ஆர். கெயோ லைன், கைஹின்-மாகுஹாரி ஸ்டேஷன். விரைவு வண்டியில் ஏறக்குறைய அரை மணி நேரம், இறங்கி ஐந்து நிமிட நடை. டோக்கியோ ஸ்டேஷனில் கெயோ பிளாட்பாரம் மற்ற பிளாட்பாரங்களிலிருந்து வெகு தொலைவில், பூமிக்கடியில் இருக்கிறது. லைன் மாறவே பதினைந்து நிமிடம் வையுங்கள். அதே பிளாட்பாரத்திலிருந்து முசாஷினோ லைன் வண்டிகளும் கிளம்பும். அவை இச்சிகாவா-ஷியோஹாமா தாண்டி நிஷி-ஃபுனாபாஷி பக்கம் திரும்பிவிடும். போர்டைப் பார்த்து ஏறுங்கள்.

இன்னொன்று. கெயோ லைன் கடலோரமாக ஓடுகிறது. பலத்த காற்று அடித்தால் மெதுவாகும், சில நேரம் நின்றே போகும். அப்போது உள்நாட்டுப் பக்கம் ஓடும் சோபு லைனில் மாகுஹாரி-ஹோங்கோ போய், அங்கிருந்து பஸ் பிடியுங்கள். காலையில் கிளம்பும் முன் காற்றைப் பாருங்கள்.

கோவை ஹேட்ச்பேக்: தங்க எந்த ஏரியா?

மாகுஹாரியில் கிடைத்தால் நல்லது, ஆனால் சீக்கிரம் நிரம்பிவிடும். அடுத்து ஹச்சோபோரி அல்லது ஷின்-கிபா பக்கம். இரண்டும் கெயோ லைனில் உள்ளன. டோக்கியோ ஸ்டேஷனின் அந்த நீண்ட நடை மிச்சம்.

வாடகை வண்டி: இந்திய லைசென்ஸோடு அங்கே ஓட்டலாமா?

சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் வேண்டும். ஜப்பான் ஏற்பது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுத்த அனுமதியை மட்டும். இந்தியா, இலங்கை, மலேசியா மூன்றும் அந்த ஒப்பந்தத்தில் உள்ளன. இந்தியாவில் ஆர்.டி.ஓ. மூலம் கிடைக்கும், ஓர் ஆண்டு செல்லும். புத்தகம் கைக்கு வந்ததும் அட்டையில் 1949 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' அட்டைகள் அங்கே செல்லாது. அதை வைத்து ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம், இன்சூரன்ஸும் கைகொடுக்காது. புத்தகம், அசல் லைசென்ஸ், பாஸ்போர்ட் மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும்.

ஓட்டும்போது: நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான். தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் 'நில்' என்பதற்கு அடையாளம், சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். ரயில்வே கேட் திறந்திருந்தாலும் தண்டவாளத்துக்கு முன் நின்றுதான் கிளம்ப வேண்டும். சிவப்பு விளக்கில் இடப்பக்கம் திரும்பக் கூடாது.

நைட் ரன்: டைகோக்கு பார்க்கிங் ஏரியாவுக்கு எந்த ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டும்?

எந்த ஸ்டேஷனிலிருந்தும் நடந்து போக முடியாது. அது யோகோஹாமாவில் ஷுட்டோ விரைவுச்சாலையின் வளைகுடா வழித்தடத்தில் உள்ள ஓய்விடம். உள்ளே வரும் வழி, வெளியேறும் வழி இரண்டும் விரைவுச்சாலைதான். டாக்ஸியில் போகலாம், ஆனால் இறங்கியதும் டாக்ஸியை அனுப்பிவிடாதீர்கள். திரும்பி வர வேறு வழி இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். வார இறுதி மாலைகளில் கூட்டம் சேர்ந்தால் போலீஸ் ஒலிபெருக்கியில் சொல்லி எல்லோரையும் வெளியேற்றி மூடிவிடும். மூடிய பிறகு வந்தால் வாசலைத் தாண்டி நேராகப் போக வேண்டியதுதான்.

ஸ்கைலைன் ரசிகன்: நிஸ்ஸான் ஜி.டி.ஆர். ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார வைத்து டைகோக்கு கூட்டிப்போகும் டூர் புக் செய்திருக்கிறேன். எதுவும் கவனிக்க வேண்டுமா?

நம்பர் பிளேட்டைக் கவனியுங்கள். ஜப்பானில் காசு வாங்கி ஆளேற்றும் வண்டிக்குப் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. சொந்த உபயோக வண்டிக்கு வெள்ளைப் பின்னணி. வெள்ளை பிளேட் வண்டியில் கட்டணம் வாங்கி ஏற்றினால் அது அனுமதியில்லாத டாக்ஸி, சட்டமீறல். ஓட்டுநருக்குப் பயணிகளை ஏற்றும் இரண்டாம் வகை லைசென்ஸும் வேண்டும்.

ஸ்கைலைன் ரசிகன்: வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தானே போகிறார்கள்? யாரும் பிடிபடவில்லையே.

பிடிபடுவதை விட்டுவிடுங்கள், விபத்தை யோசியுங்கள். ஜப்பானில் எல்லா வண்டிக்கும் கட்டாய இன்சூரன்ஸ் உண்டு. அது காயத்துக்கு அதிகபட்சம் 12 லட்சம் யென், உயிரிழப்புக்கு 3 கோடி யென் வரைதான் தரும். அதற்கு மேல் வர வேண்டியது உரிமையாளர் தானாக எடுத்த இன்சூரன்ஸிலிருந்து. சொந்த உபயோகம் என்று எழுதிக் கொடுத்த வண்டியில் காசுக்கு ஆளேற்றினார் என்று தெரிந்தால் அந்தக் கம்பெனி பணம் தர மறுக்க இடம் உண்டு. ஆஸ்பத்திரியில் கிடப்பது நீங்கள். 500 குதிரைத்திறன் வண்டியில், யாரென்றே தெரியாத ஒருவர், ராத்திரியில் உங்களை அசத்த வேண்டும் என்றே மிதிக்கிறார். இன்சூரன்ஸ் ரொம்பத் தேவைப்படும் இடம் இதுதான்.

சட்டம் தெரிந்தவன்: 2024 ஏப்ரலில் ஜப்பானில் ரைட்ஷேர் அனுமதித்துவிட்டார்களே. வெள்ளை பிளேட்டில் காசு வாங்கலாம் என்று ஆகிவிட்டதே?

பாதி சரி. அந்த அனுமதி டாக்ஸி கம்பெனியின் மேற்பார்வையில், டாக்ஸி பற்றாக்குறையுள்ள ஊர்களில், குறித்த நாட்களில், குறித்த மணி நேரங்களில் ஓடும் வண்டிகளுக்கு. தனி ஆள் தன் காரில் டூர் நடத்துவது அதற்குள் வராது.

சட்டம் தெரிந்தவன்: அப்படியானால் ஜப்பானிய நண்பர் காரில் போய்ப் பெட்ரோல் காசு கொடுத்தாலும் தப்பா?

தப்பில்லை. உண்மையில் செலவான பெட்ரோல், சுங்கம், பார்க்கிங் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு தொகை போனால் கட்டணம். 'போட்டோ எடுக்கத்தான் பணம், பயணம் இலவசம்' என்று விளம்பரத்தில் எழுதினாலும் வண்டியில் ஏற்றிப் போவதற்குத்தான் பணம் என்றால் கட்டணம்தான்.

ஸ்கைலைன் ரசிகன்: வேறு என்ன வழி?

ஸ்போர்ட்ஸ் கார் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுங்கள். முறையான வாடகை காரின் பிளேட்டில் 'வ' அல்லது 'ரே' ஒலியுள்ள ஜப்பானிய எழுத்து இருக்கும். எடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: விபத்தானால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும், வண்டி பணிமனையில் நிற்கும் நாட்களுக்கு எவ்வளவு, கிளட்ச் எரிந்தால் யார் பொறுப்பு. மூன்றாவதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் பெரிய பில் கட்டுகிறார்கள். சுங்கச்சாவடியில் தானாகவே பணம் கழியும் ஈ.டி.சி. அட்டையும் சேர்த்து வாங்குங்கள். ஓட்ட விருப்பமில்லை என்றால் பச்சை பிளேட் வண்டி அல்லது பஸ் வைத்து நடத்தும் டூரைத் தேடுங்கள். அந்தப் புக்கிங்கை ரத்து செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

அலாய் பைத்தியம்: அப் காராஜ் மாதிரிப் பழைய பாகங்கள் விற்கும் கடையில் பழைய அலாய் வீல் வாங்கி விமானத்தில் கொண்டுவர முடியுமா? என்னிடம் ஸ்விஃப்ட்.

முடியும். 15 அங்குல வீலின் வெளி விட்டம் சுமார் 41 செ.மீ., 6.5ஜே (டயர் உட்காரும் அகலம் 6.5 அங்குலம்) என்றால் மொத்த அகலம் சுமார் 19 செ.மீ. இரண்டை அடுக்கினால் 41, 41, 38, கூட்டினால் 120. பல விமானங்களின் வரம்பு மூன்று பக்கமும் சேர்த்து 158 செ.மீ., அதனால் அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்துவிடும். வார்ப்பு வீல் ஒன்று ஆறேழு கிலோ, பெட்டிக்கு இரண்டு என்றால் 23 கிலோவுக்குள் தாராளம். டயரைக் கழற்றி வாங்குங்கள். இரண்டு வீலுக்கும் நடுவில் கனமான அட்டை வையுங்கள், இல்லையென்றால் முகத்தோடு முகம் உரசும்.

ஸ்விஃப்டுக்கு நான்கு நட்டு, அவை அமையும் வட்டம் 100 மி.மீ. (4×100), வீலின் நடு ஓட்டை உட்காரும் ஹப் 54.1 மி.மீ., நட்டு எம்12×1.25 (12 மி.மீ. தடிமன், 1.25 மி.மீ. புரி). ஹோண்டா சிட்டியும் 4×100தான், ஆனால் ஹப் 56.1, நட்டு 1.5 புரி. ஒருவர் நட்டை இன்னொருவர் போட்டால் முதல் இரண்டு சுற்று ஏறுவது போலத் தெரியும், அப்புறம் ஸ்டட் புரி போய்விடும். வெளிச்சந்தை வீலுக்கு 60 டிகிரி கூம்பு நட்டு. ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டு உருண்டை அடி, பொருந்தாது. வீலின் நடு ஓட்டை பெரியதாக இருந்தால் அளவான ஹப் ரிங் போடுங்கள், இல்லாவிட்டால் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் ஆடும்.

ஆஃப்செட் (வீல் ஹப்பில் பொருந்தும் முகம், வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது) கணக்கு: இப்போது 6ஜே +45 இருக்கிறது, வாங்குவது 6.5ஜே +38 என்று வையுங்கள். அரை அங்குல அகலத்தில் பாதி 6.35, ஆஃப்செட் வித்தியாசம் 7. வெளி விளிம்பு 13.35 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பில் 0.65 மி.மீ. இடம் கூடும். ஃபெண்டரில் அந்த 13 மி.மீ. இருக்கிறதா என்று ஊரிலேயே அளந்துவிட்டுப் போங்கள்.

கடையில் வீலைத் தரையில் உருட்டிப் பாருங்கள். உள்பக்க விளிம்பில் நெளிவு, ஆரக்காலின் அடியில் விரிசல், பற்றவைத்த தடம் எதுவும் இருக்கக் கூடாது. ஜப்பானில் வீலின் தரத்தைக் காட்டும் ஜே.டபிள்யு.எல்., வி.ஐ.ஏ. முத்திரை இரண்டையும் தேடுங்கள். 'ஜங்க்' என்று எழுதியிருந்தால் சோதிக்காத பொருள், திருப்பி எடுக்க மாட்டார்கள். வெளிநாட்டவருக்கான வரிவிலக்கு 2026 நவம்பர் 1 முதல் மாறுகிறது: கடையில் 10 சதவீத வரியோடு கட்டி, விமான நிலையத்தில் சுங்கத்துறை சரிபார்த்த பிறகு திரும்பப் பெற வேண்டும். வீலைக் காட்டுங்கள் என்று அவர்கள் கேட்கக்கூடும், அதனால் செக்-இன் செய்யும் முன்பே முடித்துவிடுங்கள்.

டிரிஃப்ட் தம்பி: ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங், பழைய பெட்ரோல் பம்ப் கொண்டுவரலாமா?

இரண்டும் வேண்டாம். ஏர்பேக்கில் வெடித்து விரியும் பொருள் உண்டு. பம்பில் பெட்ரோல் வாடை வந்தாலே எடுத்துவிடுவார்கள். ஏர்பேக் இல்லாத ஸ்டீயரிங், ஷிஃப்ட் நாப் (கியர் குமிழ்) பிரச்சினையில்லை.

யோகோஹாமா கனவு: டைகோக்குவுக்கு பஸ்ஸில் போய் இறங்கி நடக்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். நடந்து போக வழி கிடையாது. டாக்ஸியை அனுப்பிவிடாதீர்கள்.

மலைப்பாதை: கண்காட்சி முடிந்து ஹருனா மலைக்கு வாடகைக் காரில் போக ஆசை.

ஜனவரியில் அங்கே சாலை உறையும், மேலே உள்ள ஏரியே உறைகிறது. பனி தெரியாது, ஆனால் மரநிழல் விழும் வளைவில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் இருக்கும். குளிர்கால டயர் போட்ட வண்டி என்று முன்பதிவிலேயே எழுதி வாங்குங்கள். சாதாரண டயரில் போகவே போகாதீர்கள். மலைப்பாதைதான் ஆசை என்றால் மே அல்லது அக்டோபரில் இன்னொரு முறை வாருங்கள்.

ஆர்34 கனவு: ஒரு ஆர்34 (நிஸ்ஸான் ஸ்கைலைன் கார்) வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

முடியாது. பழைய கார் இறக்குமதிக்கு வயது மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. ஆர்34 உற்பத்தி 2002-இல் நின்றுவிட்டது.

புதியவர்: என் இன்டர்நேஷனல் லைசென்ஸ் இணையத்தில் வாங்கியது, போதுமா?

போதாது. அட்டையில் 1949 ஜெனீவா. ஆர்.டி.ஓ.வில் எடுத்தது. வேறெதுவும் இல்லை.

பங்க் குழப்பம்: பெட்ரோல் பங்கில் எந்த நிறம்?

சிவப்பு சாதாரண பெட்ரோல், மஞ்சள் உயர் ஆக்டேன், பச்சை டீசல். டர்போ ஸ்போர்ட்ஸ் காருக்கு மஞ்சள். நம் ஊரில் பச்சையைப் பெட்ரோல் என்று நினைத்துப் பழகியவர்கள் அங்கே டீசலைப் பிடித்துவிடுகிறார்கள். பிடித்துவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள், அப்படியே நிறுத்தி வாடகைக் கம்பெனியைக் கூப்பிடுங்கள். இன்ஜின் ஓடாத வரை டாங்கைக் கழுவுவதோடு போகும்.