கலப்பது யார்?

கேள்வி: சர்வாதிகார நாடுகளில் உலகப் போட்டிகள் நடக்கும்போதெல்லாம் சிலர் எதிர்ப்புக் குரல் எழுப்புகிறார்கள். விளையாட்டில் அரசியலைக் கலப்பது முறையா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முறையல்லதான். ஆனால் முதலில் கலப்பது யார் என்று பாருங்கள். 1978ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தும் உரிமை அர்ஜென்டினாவுக்கு 1966இலேயே கிடைத்துவிட்டது. 1976 மார்ச்சில் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் விதேலாவின் ராணுவ அரசு, ஒருபக்கம் ஆயிரக்கணக்கானோரைக் கடத்திச் சென்று காணாமல் ஆக்கிக்கொண்டே, மறுபக்கம் வெளிநாடுகளில் தன் பெயரைத் துலக்கித் தர அமெரிக்க மக்கள்தொடர்பு நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று குடிசைப் பகுதிகளையும் அகற்றியது.

ப்யூனஸ் அயர்ஸில் இறுதிப் போட்டி நடந்த மொனுமென்டல் அரங்கிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் கடற்படையின் இயந்திரவியல் பள்ளி இருந்தது. அதுதான் அந்த ஆட்சியின் மிகக் கொடிய சித்திரவதைக் கூடம். ஜூன் 25 அன்று அர்ஜென்டினா 3–1 என நெதர்லாந்தை வென்றபோது எழுந்த ஆரவாரம் கைதிகளின் காதிலும் விழுந்தது. அதிகாரிகள் சில கைதிகளைக் காரில் ஏற்றி, தெருக் கொண்டாட்டத்தைப் பார்க்கக் கூட்டிச் சென்றார்கள். காரின் மேற்கூரைத் திறப்பு வழியே தலையை நீட்டிப் பார்த்த ஒரு பெண், தான் கடத்தப்பட்டவள் என்று கத்தினாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடச் செவிகொடுக்கமாட்டார் என்று அப்போது தோன்றியதைப் பின்னாளில் விவரித்திருக்கிறார். அணித்தலைவர் பஸரெல்லாவின் கையில் கோப்பையைக் கொடுத்தவர் விதேலா.

ஆடியவர்களை நான் குறை சொல்லவில்லை. பயிற்சியாளர் மெனோத்தியே இடதுசாரிச் சிந்தனை கொண்டவர். அவர்களுடைய உழைப்பை அரசு தன் கணக்கில் எழுதிக்கொண்டது. அதோடும் நிற்கவில்லை. 1979 செப்டம்பரில் அமெரிக்க நாடுகள் அமைப்பின் மனித உரிமை ஆணையம் புகார்களைக் கேட்க வந்திருந்தபோது, அர்ஜென்டினாவின் இளையோர் அணி டோக்கியோவில் உலகக் கோப்பையை வென்றது. உடனே வானொலி, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தினர் புகார் கொடுக்க வரிசையில் நின்றிருந்த அதே வீதிக்குக் கொண்டாட்டக்காரர்களைத் திரண்டு வரச் சொன்னது.

'விளையாட்டு வேறு, அரசியல் வேறு' என்ற வாதம் இத்தகைய அரசுகளுக்கு மிகவும் வசதியானது. அதை நம்பி வாயை மூடிக்கொள்பவர்கள் எதிர்த்தரப்பினர் மட்டுமே. 1978 ஜூன் 1 அன்று, தொடக்க விழா நடந்த அதே வியாழக்கிழமை, நெதர்லாந்துத் தொலைக்காட்சிக் குழு ஒன்று மாயோ சதுக்கத்துக்குச் சென்று, பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் வாராந்திர ஊர்வலத்தைப் படம்பிடித்தது. "நீங்கள்தான் எங்களுடைய கடைசி நம்பிக்கை" என்ற பொருளில் அந்தத் தாய்மார் கேமரா முன் கதறியதை வெளியுலகம் பார்த்தது. அந்தச் செய்தியாளர்கள் அரசியலைக் கலந்தார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா?