பயணச் செலவு கேள்வி-பதில்: யார்க்கில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: நானும் கணவரும் மூன்று மாதம் இங்கிலாந்தைச் சுற்றுகிறோம். யார்க் நகரில் பன்னிரண்டு நாள் தங்கல். எல்லா இடங்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ் வாங்கிவிட்டால் லாபமா?

பதில்: பன்னிரண்டு நாள் இருப்பவர்களுக்கு லாபமில்லை. நகர பாஸ் என்பது இரண்டே நாளில் எல்லாவற்றையும் முடிக்க ஓடுகிறவர்களுக்கானது. ஒரே நாளில் மூன்று நான்கு கட்டண இடங்கள் பார்த்தால்தான் போட்ட பணம் திரும்பும். முதல் வாசலில் ஸ்கேன் ஆனதுமே பெரும்பாலும் நாள்கணக்கு ஓடத் தொடங்கிவிடும். மழை என்று ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்தால் அதுவும் கணக்கில் போய்விடும்.

அதைவிட, யார்க்கில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்குக் காசே வேண்டாம். நகரின் மதில்மேல் சுமார் 3.4 கிலோமீட்டர் நடக்கலாம். காலையில் திறந்து, இருட்டும் நேரத்தில் பூட்டிவிடுவார்கள். தரை உறைந்திருந்தால் திறப்பதில்லை. நடுவே சில இடங்களில் மதில் அறுபட்டுப்போவதால் கீழே இறங்கித் தெருவில் நடந்து மறுபடி ஏற வேண்டும். முழுச் சுற்றுக்கு நேரமோ முழங்காலோ இடம் கொடுக்காவிட்டால் பூத்தம் பார் வாயிலில் ஏறி மங்க் பார் வாயிலில் இறங்குங்கள். மின்ஸ்டர் பேராலயம் மிக அழகாகத் தெரிவது அந்தத் துண்டில்தான். தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கும் கட்டணமில்லை. 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களின் சாதனை படைத்த மல்லார்டும், ஜப்பானின் புல்லட் ரயில் பெட்டி ஒன்றும் அங்கே நிற்கின்றன. மியூசியம் கார்டன்ஸ் பூங்காவில் புனித மேரி மடத்தின் இடிபாடுகள், கசாப்புக்கடைக் கொக்கிகள் இன்னும் தொங்கும் ஷாம்பிள்ஸ் தெரு, எல்லாம் இலவசமே.

வழிகாட்டி வேண்டுமென்றால் எக்ஸிபிஷன் ஸ்கொயரிலிருந்து தன்னார்வ வழிகாட்டிகள் கிளம்புகிறார்கள். 1951 முதல் நடக்கிறது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், டிப்ஸ் நீட்டினாலும் வாங்கமாட்டார்கள். ‘இலவச நடை’ என்று விளம்பரம் செய்யும் மற்ற சில குழுக்கள் முடிவில் டிப்ஸ் எதிர்பார்க்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காசு கொடுக்கும் இடங்களில் நீங்கள் பார்க்க வேண்டியது விலையைவிடச் செல்லுபடிக் காலத்தை. இங்கே சில இடங்களில் ஒருமுறை வாங்கிய டிக்கெட் ஒரு வருடம் செல்லும். இரண்டு நாள் பயணிக்கு அதனால் பயனில்லை. உங்களுக்கோ பெரிய அருங்காட்சியகத்தை மூன்று காலைப் பொழுதுகளாகப் பிரித்துப் பார்க்கலாம். டிக்கெட்டிலோ மின்னஞ்சலிலோ கடைசித் தேதி என்னவென்று பார்த்து, கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.

யார்க்கின் பழைய கோட்டைக் கோபுரமான கிளிஃபோர்ட்ஸ் டவர், பழங்கால இடங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் கையில் இருக்கிறது. அதற்காக மட்டும் அவர்களுடைய வெளிநாட்டுப் பயணி பாஸ் வாங்குவது வீண். அது 9 நாள் அல்லது 16 நாள் கணக்கில் வரும். மூன்று மாதத்தில் ஸ்டோன்ஹெஞ்ச், டோவர் கோட்டை, விட்பி மடம் எல்லாம் பட்டியலில் இருந்தால், 16 நாள் பாஸைவிட ஓராண்டு உறுப்பினர் கட்டணமே கட்டுப்படியாகலாம். இருவருக்குச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். யார்க்கின் டிரெஷரர்ஸ் ஹவுஸ் என்ற பழைய மாளிகை நேஷனல் டிரஸ்டுடையது. அது வேறு அமைப்பு, அட்டையும் வேறு. மின்ஸ்டர் இரண்டிலும் சேராது.

கேள்வி: டிக்கெட் கவுண்டரில் ‘கிஃப்ட் எய்ட் சேர்க்கலாமா?’ என்று கேட்கிறார்கள். சேர்த்தால் விலை கூடுகிறது. என்ன இது?

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறக்கட்டளைக்கு நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் பிரிட்டிஷ் அரசிடமிருந்து 25 பென்ஸ் அந்த அறக்கட்டளை பெற்றுக்கொள்ளும் திட்டம் அது. கொடுப்பவர் அந்த ஆண்டு பிரிட்டனில் போதிய அளவு வரி கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறையும் தொகையை அரசு அவரிடமே கேட்கலாம். டிக்கெட்டோடு நன்கொடையாகச் சேர்க்கும்போது குறைந்தது 10 சதவீதம் கூட்டுவார்கள்: 20 பவுண்டு டிக்கெட் 22 ஆகும். ஆன்லைனில் கூடிய விலையே முதலில் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விருப்பமிருந்தால் உண்டியலில் போடுங்கள், படிவத்தில் கையெழுத்து வேண்டாம்.

கேள்வி: மின்ஸ்டருக்குள் காசில்லாமல் போக முடியாதா?

பதில்: வழிபாட்டுக்குப் போகிறவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. மாலையில் பாடகர் குழு பாடும் ஈவன்சாங் வழிபாட்டில் யாரும் உட்காரலாம். அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது. 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் செய்த கிழக்குப் பெருஞ்சன்னலை நின்று பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட் எடுத்து, வெயிலுள்ள காலையில் போங்கள். நடுக்கோபுரத்துக்குத் தனிக் கட்டணம், 275 குறுகிய படிகள். காற்று மழை கடுமையானால் ஏற விடமாட்டார்கள். ஆகவே கோபுரத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். தேதி குறித்த டிக்கெட்டுக்கு, ஆன்லைனில் வாங்கும் பொருள்களுக்குள்ள 14 நாள் ரத்து உரிமை கிடையாது.

கேள்வி: லண்டனிலிருந்து யார்க்குக்கு மலிவான ரயில் டிக்கெட் எடுத்தோம். வழியில் பீட்டர்பரோவில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் போகலாமா?

பதில்: அது ‘அட்வான்ஸ்’ டிக்கெட்டாக இருந்தால் கூடாது. குறித்த ரயிலில் மட்டுமே செல்லும். தவறவிட்டாலும் புது டிக்கெட்தான். நெரிசல் நேரம் தவிர்த்துப் போகும் ‘ஆஃப்-பீக்’ டிக்கெட்டில் பொதுவாக வழியில் இறங்கி ஏறலாம்.

மூன்று மாதம் இருப்பதால் இருவருக்கான சலுகை அட்டையான ‘டூ டுகெதர்’ ரயில்கார்டு பாருங்கள். 2025-இல் விலை 35 பவுண்டு ஆனது. ஓராண்டுக்குக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். சலுகைக்கு முந்தைய கணக்கில் இருவரின் கட்டணம் சேர்ந்து 105 பவுண்டைத் தொட்டதுமே கார்டு விலை கைக்கு வந்துவிடும். வெளிநாட்டவரும் வாங்கலாம். நிபந்தனை: கார்டில் பெயருள்ள இருவரும் சேர்ந்தே போக வேண்டும், வாரநாட்களில் காலை 9.30-க்கு முன் செல்லாது. முன்பதிவுக்கெனத் தனிக் கட்டணம் பிடிக்கும் செயலிகளை விட்டு, ஏதாவதொரு ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். எந்த நிறுவனத்தின் டிக்கெட்டும் அங்கே கிடைக்கும்.

மடம் இருக்கும் கடலோர ஊரான விட்பிக்குப் போக ரயில் வேண்டாம், யார்க்கிலிருந்தே பேருந்து இருக்கிறது. இங்கிலாந்தின் பெரும்பாலான உள்ளூர்ப் பேருந்துகளில் ஒருவழிக் கட்டணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு 2025-இல் வந்தது, 2027 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள்.

கேள்வி: கம்பளி ஆடைகள் வாங்கினோம். விமான நிலையத்தில் வாட் வரி திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இங்கிலாந்தில் பயணிகளுக்கு அந்தச் சலுகை 2020 முடிவோடு போய்விட்டது. கடையே நேரடியாக உங்கள் நாட்டு முகவரிக்கு அனுப்பினால் வாட் இல்லாமல் விற்கலாம், ஆனால் தபால் செலவும் நம்மூர்ச் சுங்கமும் சேர்ந்தால் கம்பளி கனக்கும். பில் போடும்போது கார்டு இயந்திரம் ‘ரூபாயிலா பவுண்டிலா’ என்று கேட்டால் பவுண்டை அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் வங்கித் தரப்பு வைக்கும், பெரும்பாலும் அது நமக்கு நட்டமாகவே இருக்கும்.