பங்குனி வெயிலில் ஒரு புங்கமரம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். இந்த வருசமாவது வெளியே போய் மரம், பறவையெல்லாம் பார்க்க ஆசை. நண்பர்கள் ஊட்டி, வால்பாறை என்கிறார்கள். பங்குனி, சித்திரையில் நம்ம பக்கம் காய்ந்த காட்டைத் தவிர என்ன இருக்குதுங்க? பைனாகுலர் வாங்கணுமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஊட்டிக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் நம் லீவு பார்த்து எந்த மரமும் பூப்பதில்லை. தினமும் கடந்துபோகிற ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் சிபாரிசு புங்கன்.

வெயில் ஏற ஏற அது இலையைக் கொட்டும். சில நாளிலேயே பளபளவென்று தளிர் வந்துவிடும், மழை ஒரு சொட்டு விழாமலே. பழைய இலைகள் உதிர்ந்ததும் அவை வழியே போய்க்கொண்டிருந்த ஈரம் மிச்சமாகிறது. ஆழத்து வேர் இழுக்கும் நீர் கிளைகளில் ஊறி மொட்டை அவிழ்க்கிறது. மேற்கு மலையின் மழைமறைவில் கிடக்கும் நம் மண்ணில் வசந்தம் மழைக்குக் காத்திருப்பதில்லை. ‘காய்ந்த காடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணாந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்!

வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் எந்த அளவில் இருக்கிறதென்று குறித்துவையுங்கள். இப்படிப் பலர் எடுக்கும் குறிப்புகளைச் சேர்த்துவைக்க ‘சீசன்வாட்ச்’ என்றொரு திட்டமே இருக்கிறது. அதில் சேராவிட்டாலும் நோட்டின் கடைசிப் பக்கம் போதும். கணக்கு உங்களுக்குப் பழகின வேலைதானே.

பைனாகுலர் இப்போதைக்கு வேண்டாம். விடிகாலையில் கூவும் கறுப்புக் குயில் ஆண். புள்ளி போட்ட பழுப்புப் பறவையைக் காக்கைகள் துரத்தினால் அது பெண், முட்டையிடக் காக்கைக் கூட்டை நோட்டம் பார்க்க வந்தது. இதற்கெல்லாம் கண்ணே போதும். குளத்துப் பறவைக்குத்தான் பைனாகுலர் உதவும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்த நஞ்சராயன் குளம் உங்களுக்குப் பக்கம்தான். ஆனால் ஊசிவால் வாத்து போன்ற வலசை விருந்தாளிகள் பங்குனியில் கிளம்பிவிடும். தை மாதம் போங்கள்.

நோம்பிக்கு ஊருக்குப் போனால், வெயிலுக்கு முன் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுப் பக்கம் நடந்துவாருங்கள். ஆள்காட்டிப் பறவை தலைக்குமேல் வட்டமடித்துக் கத்தினால் அப்படியே நில்லுங்கள். வெறுந்தரையில், கல்லோடு கல்லாகத் தெரியாதபடி அதன் முட்டைகள் கிடக்கும். உச்சி வெயிலில் வயிற்றுச் சிறகை நனைத்து வந்து அவற்றைக் குளிரவைக்கும் பறவை அது. போட்டோ எடுக்கிறேனென்று நெருங்காமல், காலடியைப் பார்த்து வந்த வழியே திரும்பிவிடுங்கள்.