மாற்றுத்திறனாளி ஒருவருக்காகப் பட்டறை வேலையை எப்படி மாற்றியமைப்பது?

விபத்தில் ஒரு காலை இழந்து செயற்கைக் கால் அணிந்திருக்கும் இளைஞர் ஒருவர் உங்கள் சிறு பட்டறைக்கு வேலை கேட்டு வந்திருப்பதாகவும், அவரைச் சேர்த்துக்கொண்டால் எதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிப் பக்கம், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கையால் வார்க்கும் பட்டறை ஒன்றில் ஆட்களையும் கூலிக் கணக்கையும் கவனித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரு வேலைக்குள் எத்தனை வேலைகள் கலந்திருக்கின்றன என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவைகளை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே சிமெண்டும் மணலும் இட்டுக் கரணையால் சமன்செய்வது கைத்திறன். ஈரக் கல்லைத் தூக்கிச் சென்று அடுக்குவதும், பிறகு தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதும் சுமைவேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்வது சில பட்டறைகளில் வழக்கமாக இருக்கலாமே தவிர, கல்லின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே அந்த இளைஞர் வார்க்கட்டும், சுமப்பதை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது இருக்கை. செயற்கைக் கால் அணிந்தவருக்கு நாற்காலியும் மேசையும்தான் வசதி என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. காலைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் அமர்ந்து வேலை செய்வதை விரும்புபவரும் உண்டு. அவரையே கேளுங்கள். தொட்டிப் பக்கத்து ஈரத் தரை மட்டும் யாருக்குமே ஆபத்துதான்.

உண்மையான சிக்கல் கூலியில்தான் வரும். கல் கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில், சுமப்பவருக்கான பணத்தை அந்த இளைஞரின் கூலியிலிருந்து பிடித்தால் அது அநியாயம். பிடிக்காமல் விட்டால் 'அவருக்கு மட்டும் சலுகையா' என்ற முணுமுணுப்பு எழும். ஆகவே வார்ப்பதற்கு ஒரு கூலி, சுமப்பதற்கு ஒரு கூலி என்று எல்லோருக்குமே பிரித்து வைப்பதுதான் சரி என்பது என் கருத்து. வயதான, இடுப்புவலிக்கார வார்ப்பாளர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தாத, தேவையான மாற்றங்களையே நியாயமான வசதி என்று வரையறுக்கிறது. சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடும் கடமை தனியார் நிறுவனங்களுக்கும் உண்டு. 20 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்தில், செய்து தரும் வசதிகளை அதில் குறிப்பிட வேண்டும்.

பட்டறைக்கு வந்து சேர்வதையும் அவரிடம் பேசிவிடுங்கள். பேருந்து நேரத்துக்கு ஏற்ப வேலை தொடங்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்க உங்களுக்குச் செலவேதும் இல்லை. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு அவர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம், எங்கள் பகுதிக்கு அது சிவகங்கையில் இருக்கிறது.