அது வேறு விஷயம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை மூன்று வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்கும் போகிறேன். காலை ஜெபம், வேத வாசிப்பு எல்லாம் எப்போதோ நின்றுவிட்டன. ஆலயத்தில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன். சுகம் கிடைத்தது, வேலை கிடைத்தது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. போன வாரம் ஒரே இரவில் இரண்டாம் முறை படுக்கை விரிப்பை மாற்ற வேண்டிவந்தபோது அத்தையிடம் கத்திவிட்டேன். (முன்பெல்லாம் கோபம் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டேன். இப்போது அரை மணி நேரத்தில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன், அது வேறு விஷயம்.) அன்றாட வாழ்க்கையிலேயே தேவனைக் காணலாம் என்கிறார்களே, எனக்கு ஏன் தெரியவில்லை? என் விசுவாசம் தேய்ந்துகொண்டிருக்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இருபது வயதில் நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். ரயிலைத் தவறவிட்டால் அதற்கொரு வசனம், குடை தொலைந்தால் ஒரு பாடம், இப்படித் தினமும் ஒரு குட்டிப் பிரசங்கம் எழுதுவேன். பிறகு நண்பன் ஒருவனின் குழந்தை இறந்தது. அன்றிரவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதை எழுதினாலும் அது அவனுக்குச் செய்யும் துரோகமாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பழக்கம் அன்றோடு போயிற்று.

ஆகவே நள்ளிரவில் விரிப்பை மாற்றும்போது அதற்குள் தேவனுடைய செய்தி என்ன என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். விரிப்பை மாற்றினால் போதும்.

லூக்கா 24-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சீடர்கள் இரண்டு பேர் எம்மாவு என்ற கிராமத்துக்குப் போகிறார்களே, ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரம். உயிர்த்தெழுந்த இயேசு கூடவே நடக்கிறார், அவர்களுக்குத் தெரியவில்லை. அவரிடமே தங்கள் ஏமாற்றத்தைச் சொல்லிப் புலம்புகிறார்கள். அப்பம் பிட்கும்போது அடையாளம் தெரிகிறது, தெரிந்ததும் அவர் மறைந்துவிடுகிறார். வழியில் பேசும்போதே நம் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்ததே என்று அதற்கு அப்புறம்தான் சொல்லிக்கொள்கிறார்கள். நடந்தபோது அது அவர்களுக்கு வெறும் நடைதான்.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸைப் பற்றி நீங்களும் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் தேவ சமுகத்தில் இருந்தவர் என்பார்கள். அவருக்குச் சமையலறை வேலை சுபாவமாகவே பிடிக்காது என்பதை மட்டும் ஏனோ விட்டுவிடுவார்கள். எனக்கு அவரைப் பிடிப்பதே அதனால்தான்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு நாள் நீடித்த கோபம் அரை மணி நேரத்தில் அடங்குகிறது, அடங்கியதும் நீங்களே போய் மன்னிப்பும் கேட்கிறீர்கள். இதை அடைப்புக்குறிக்குள் போட்டு 'அது வேறு விஷயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பதிலே அதுதான். எந்த நாளில் மாறினீர்கள் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. மாற்கு 4-இல் விதைத்தவனும் அப்படித்தான். அவன் தூங்கி எழுகிறான், பயிர் அவனுக்குத் தெரியாமலே வளர்கிறது.

இயேசு சபைத் துறவிகளின் சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லயோலா சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கம் உங்களுக்குச் சரிப்படலாம். நாள் முடிவில் முதலில் நன்றி, பிறகு அந்த நாளைத் திரும்பிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கு உதவி. ஐந்து நிமிடம் போதும். நடுவில் தூங்கிவிட்டால் குற்றவுணர்வு வேண்டாம்.

இன்னொன்று. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியிடம் தேவதூதன் முதலில் சொன்னது, எழுந்து சாப்பிடு என்பதுதான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்து. வாரத்தில் இரண்டு இரவாவது அத்தையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, அவரிடம் கேட்டீர்களா?