உனஸ் மன்னனின் பசி

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகன் ஓயாமல் கேட்கும் ஓர் இசைத்தொகுப்பைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும். 'நைல்' என்ற அமெரிக்கக் குழுவின் 'இன் தேர் டார்க்கன்ட் ஷ்ரைன்ஸ்'. டெக்னிக்கல் டெத் மெட்டல் என்று வகை சொன்னான். பழைய எகிப்தின் தெய்வங்களைப் பற்றியது என்பதால் பொறுமையாக உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். இடையிடையே வரும் கீழைத்தேய மெட்டுகள் என்னை உண்மையிலேயே நைல் நதிக்கரைக்குக் கொண்டுபோயின. ஆனால் அடுத்த கணமே முரசுகள் இடிக்கத் தொடங்குகின்றன, ஒருவர் உறுமுகிறார், ஒரு சொல்லும் புரியவில்லை. அத்தனை அமைதியும் ஒழுங்கும் கொண்ட ஒரு நாகரிகத்தை இவர்கள் திகில் வேடமாக அணிந்துகொள்கிறார்கள் என்றே தோன்றுகிறது. இவ்வகை இசையைக் கேட்பவர் என்று முன்பொருமுறை எழுதியிருந்தீர்கள். என் எண்ணம் சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பழக்கமில்லாத ஓர் இசையை ஏறத்தாழ 1 மணி நேரம் எழுந்துபோகாமல் கேட்டிருக்கிறீர்கள். இவ்வகை இசையை வெறுப்பவர்களில் பெரும்பாலோர் அரை நிமிடத்துக்குமேல் கேட்டதில்லை என்பதால், உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவது எனக்கு மகிழ்ச்சியான வேலை. ஆனால் உங்கள் தீர்ப்பை அப்படியே தலைகீழாகத் திருப்பிவைக்க வேண்டியிருக்கிறது. எகிப்தியம் என்று நம்பி நீங்கள் ரசித்த மெட்டுதான் வேடம். வெளியிலிருந்து பூசப்பட்டதாக நீங்கள் நினைத்த மூர்க்கமோ அந்நாட்டின் கற்சுவர்களிலேயே வெட்டப்பட்டிருக்கிறது.

முதலில் மெட்டைச் சொல்லிவிடுகிறேன். பழைய எகிப்தியர்கள் யாழும் குழலும் வாசித்ததைக் கல்லறை ஓவியங்களில் பார்க்கிறோம். அவ்வாத்தியங்கள் சில அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. ஆனால் பாரோக்கள் எனப்பட்ட எகிப்திய மன்னர்களின் காலத்து இசை எதுவும் சுரக்குறிப்பாக நமக்குக் கிடைக்கவில்லை. மெட்டல் குழுக்கள் 'எகிப்திய' நிறத்துக்காக எடுத்தாளும் சுர வரிசை நம் கர்நாடக இசையில் வகுளாபரண ராகத்துக்குரியது. அரபு, துருக்கிய இசையிலும் ஸ்பெயினின் பிளமெங்கோவிலும் அது வாழ்கிறது. பாலைவனம் திரையில் வந்தாலே அந்தச் சுரங்களை ஒலிக்கவிட்டு, அதுவே பாரோக்களின் குரல் என்று நம் காதுகளைப் பழக்கியது ஹாலிவுட். குழுவின் நிறுவனரும் கிட்டார் கலைஞருமான கார்ல் சாண்டர்ஸ் விரும்பி வாசிக்கும் பாக்லாமாவும் துருக்கிய வாத்தியமே. அந்த மெட்டைக் கேட்டதும் உங்கள் மனக்கண்ணில் ஓர் ஒட்டகம் நடந்திருக்கக்கூடும். பாரோக்களின் எகிப்தில் ஒட்டகமும் பெரிதாகப் புழக்கத்தில் இருந்ததில்லை.

இனி நீங்கள் அஞ்சிய பகுதிக்கு வருகிறேன். 2002இல் வெளியான இந்தத் தொகுப்பில் 'உனஸ் ஸ்லேயர் ஆஃப் த காட்ஸ்' (தெய்வங்களைக் கொல்லும் உனஸ்) என்றொரு பாடல் இருக்கிறது. 11 நிமிடங்களுக்கு மேல் நீள்வது. உனஸ் என்பவன் எகிப்தின் 5ஆம் அரச மரபின் கடைசி மன்னன், ஏறத்தாழ கி.மு. 2350இல் இறந்தவன். சக்காராவில் உள்ள அவனுடைய பிரமிடு சிறியது, இன்று பார்ப்பதற்கு ஒரு மண்மேடு போலத்தான் இருக்கும். ஆனால் 1881இல் பிரெஞ்சு எகிப்தியவியலாளர் காஸ்தோன் மஸ்பெரோ அதனுள்ளே நுழைந்தபோது, கூரை முழுக்க நட்சத்திரங்களும் சுவர்களில் செங்குத்து வரிகளாக நீலம் தீட்டிய எழுத்துகளும் இருந்தன. பிரமிடுகளின் உட்சுவரில் மந்திரங்களைப் பொறிக்கும் வழக்கம் நமக்குத் தெரிந்தவரை அங்கேதான் தொடங்குகிறது. அவற்றுள் ஒன்றை ஆய்வாளர்கள் 'நரமாமிசப் பாடல்' என்று அழைக்கிறார்கள். உண்மையில் அங்கே உண்ணப்படுபவர்களில் முதன்மையானவர்கள் தெய்வங்கள்.

வானம் மூடுகிறது, விண்மீன்கள் இருள்கின்றன, பூமித் தெய்வங்களின் எலும்புகள் நடுங்குகின்றன; ஏனென்றால் தன் தந்தையரைத் தின்று தாயரை உண்டு வாழும் மன்னன் தெய்வமாக எழுந்துவிட்டான். நிலவுத் தெய்வமான கோன்சு மற்றத் தெய்வங்களின் கழுத்தை அறுத்துக் குடலை எடுத்துத் தருகிறான். திராட்சை பிழியும் ஆலைக்குரிய தெய்வமான ஷெஸ்மு அவர்களைத் துண்டுபோட்டு அந்தி அடுப்பில் சமைக்கிறான். பெரிய தெய்வங்கள் காலை உணவு, நடுத்தரமானவர்கள் மாலை உணவு, சிறியவர்கள் இரவு உணவு, முதியவர்கள் எரிப்பதற்கு. இப்படி அவர்களுடைய மந்திர ஆற்றலையும் அறிவையும் விழுங்கி மன்னன் அழியாதவனாகிறான். போர்க்களத்தில் கூழ் அடும் பேய்களைப் பரணி இலக்கியத்தில் படித்த நமக்கு இந்தச் சமையல் முற்றிலும் அந்நியமானதில்லை. ஆனால் பரணியில் இருக்கும் சிரிப்பு இங்கே துளியும் இல்லை. சாண்டர்ஸ் இதற்குப் பெரிதாக எதையும் கூட்டவில்லை, ஏறத்தாழ அந்த மந்திரத்தையே பாடல்வரியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இதை நீங்கள் கேட்க விரும்பும் மெல்லிய குரலில் பாடினால் அல்லவா அது வேடமாகும்?

ஒழுங்கும் அமைதியும் என்றீர்கள். ஒழுங்கு எகிப்தியர்களுக்குத் தலையாய விழுமியம்தான். அவர்கள் அதை மாஅத் என்றார்கள். ஆனால் அது இரவுதோறும் சண்டையிட்டுக் காக்க வேண்டிய ஒன்றாக இருந்தது. சூரியப் படகை விழுங்க வரும் அபேப் என்ற பாம்பை மெழுகில் செய்து, அதன்மேல் துப்பி, இடது காலால் மிதித்து, கத்தியால் குத்தி, தீயிலிடும் சடங்கைப் பூசாரிகள் கோயிலுக்குள்ளேயே செய்தார்கள். பகைநாட்டு அரசர்களின் பெயர்களை மட்பாண்டத்தில் எழுதி உடைத்துப் போட்டார்கள். அப்படி உடைந்த ஓடுகளில் ஒரு தொகுதியை ஜெர்மானிய ஆய்வாளர் குர்ட் ஸேத்தே 1926இல் பதிப்பித்தார். தொகுப்பில் 'எக்சிக்ரேஷன் டெக்ஸ்ட்' என்ற குறும்பாடல் இந்தச் சாபச் சடங்கைப் பற்றியதே. பானையை உடைக்கும் ஓசைக்கு இத்தொகுப்பில் வாசித்த டோனி லாரியானோவின் டிரம்ஸைவிடப் பொருத்தமான ஒலி எனக்குத் தோன்றவில்லை.

அந்த டிரம்ஸில் நீங்கள் இடி என்று கேட்டது பெரும்பாலும் பிளாஸ்ட் பீட். காலால் அடிக்கும் பெருமுரசும் கையால் அடிக்கும் சிறுமுரசான ஸ்னேரும் இடைவெளியே தெரியாத வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விழுவது. அதில் ஓர் அடி பிசகினாலும் கிட்டார்களின் பின்னல் முழுவதும் சரிந்துவிடும். உனஸ் பாடலில் அந்த வேகத்தைவிடக் கனத்து, நின்று, மீண்டும் அடியெடுத்து நகரும் பகுதிகளே முக்கியமானவை. அடுத்த முறை அங்கே கவனியுங்கள். யாரோ மிகப் பெரிய ஒருவன் படியேறி வருவது கேட்கும்.

உறுமலில் சொல் புரியவில்லை என்பது நியாயமான குறை. எனக்கும் தொகுப்போடு வரும் பாடல்வரிக் கையேடு இல்லாமல் புரிவதில்லை. ஆனால் பிரமிடு மந்திரங்களின் தலைப்பில் திரும்பத் திரும்ப வரும் குறியின் பொருள் 'உரைக்க வேண்டிய சொற்கள்' என்பது. வாயால் உரைக்கப்பட வேண்டிய அச்சொற்கள், எவரும் வாசிக்க முடியாதபடி அடைக்கப்பட்ட இருட்டறைக்குள் பொறிக்கப்பட்டன. எகிப்திய எழுத்து உயிரொலிகளைக் குறிப்பதில்லையாகையால் உனஸ் என்ற பெயரைக்கூட அவன் மனைவியர் எப்படி அழைத்தார்கள் என்று நம்மால் சொல்ல முடியாது. பொருள் கேட்பவனுக்கு எட்டுவதைவிட உச்சரிப்பு நிகழ்வதே அங்கே வேலையைச் செய்கிறது. நான் அந்த உறுமலை அப்படித்தான் ஏற்றுக்கொண்டேன்.

வேடம் என்ற உங்கள் சொல் பொருந்தும் இடங்களும் உண்டு. இக்குழுவின் 1998ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பிலுள்ள நெஃப்ரன்-கா என்ற பாரோ வரலாற்றில் இருந்ததே இல்லை. ஓர் அமெரிக்கத் திகில் எழுத்தாளரின் கற்பனை. உங்கள் மகனின் தொகுப்பில் கடைசியாக வரும் நான்கு பகுதித் தலைப்புப் பாடலும், என் கணிப்பில், சக்காராவைவிட அந்தத் திகில் கதைகளுக்கே நெருக்கமானது. நான் பல முறை உனஸோடு நிறுத்திவிடுகிறேன். இறந்தோரின் தெய்வமான ஒசிரிஸை இக்குழு 'அசர்' என்று எழுதுவதும் ஆங்கிலேய எகிப்தியவியலாளர் வாலிஸ் பட்ஜின் நூறாண்டுப் பழைய முறை, இன்றைய ஆய்வாளர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

உங்கள் மகனிடம் அச்சிட்ட கையேடு இருந்தால் வாங்கிப் பாருங்கள். பாடல்களின் மூலத்தைப் பற்றி சாண்டர்ஸ் அதில் குறிப்புகள் எழுதியிருக்கிறார். இரவு உணவை முடித்துவிட்டு, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு உனஸை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். உணவுக்கு முன் வேண்டாம்.