விமானத்தில் கைப்பையை உண்மையிலேயே நிறுத்துப் பார்க்கிறார்களா?

கேள்வி: கொழும்பிலிருந்து திருச்சிக்கு முதன்முறையாகப் பறக்கப்போகிறேன். கையில் கொண்டுபோகும் பைக்கு 7 கிலோ என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறது. என் பை எட்டரைக் கிலோ வருகிறது. நிறுத்துப் பார்ப்பார்களா, கண்டும் காணாமல் விட்டுவிடுவார்களா?

பதில்:

விடுவார்கள், விடவும் மாட்டார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் ஆறு தடவை போய் வந்திருக்கிறேன், ஆகப் பன்னிரண்டு விமானங்கள். பை தராசில் ஏறியது நான்கு முறை. பையின் அளவு சரியா என்று பார்க்கும் இரும்புச் சட்டத்துக்குள் வைத்துக் காட்டச் சொன்னது ஒரே முறை. அன்றுதான் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம் எங்கள் ஊர். மாமா குடும்பம், மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் இந்தியாவுக்குப் போய், நீலகிரி மலையில் உள்ள கோத்தகிரியில் குடியேறியது. திருச்சியில் இறங்கி, பஸ் மாறி மாறி அங்கே போவதுதான் என் பயணம். தேயிலை விளையும் ஊரிலிருந்து தேயிலை விளையும் ஊருக்குத் தேயிலை சுமக்கிறவன் நான். அங்கே கிடைக்காதா என்றால் தாராளமாகக் கிடைக்கும். மாமாவுக்கு நம் தூளின் மணம்தான் வேண்டும். தூள் இரண்டு கிலோ, மாசிக் கருவாடு அரைக் கிலோ, கறுவா, கிராம்பு, அத்தைக்கு ஒரு போத்தல் கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாகு) என்று கட்டத் தொடங்கினால் ஏழு கிலோ எந்த மூலைக்கு?

முதல் பயணத்துக்கு முந்தின நாள் பையைத் தூக்கிக்கொண்டு மரக்கறிக் கடைக்குப் போய், உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். 6 கிலோ 900 கிராம். வெற்றியோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். மாலையில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் சாக்கைத் தராசில் ஏற்றியதும், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் கணக்கில் எழுதுவார்கள். அதை முப்பது வருடம் பார்த்துக்கொண்டு நின்றவருக்குத் தராசின் மேல் பெரிய மரியாதை கிடையாது. "ஏழு என்றால் ஆறரைக்குக் கட்டு தம்பி, அவர்கள் தராசு அவர்களுக்குத்தான் பேசும்" என்றார். நான் சிரித்தேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் அதே பை 7 கிலோ 300 காட்டியது.

கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பைக்கு ஒரு சிட்டையைக் கட்டி நீட்டினார். முந்நூறு கிராமுக்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை. இரண்டாவது பயணத்தில் அந்தத் தைரியத்தில் 8 கிலோ 600 கொண்டுபோனேன். அதே விமான நிலையம், வேறு ஆள். "சேர், ஏழுக்குக் குறைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும்" என்றார். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. ஓரமாகப் போய்த் தரையில் பையைத் திறந்தேன். கோத்தகிரிக் குளிருக்கென்று வைத்திருந்த கம்பளி ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதன் நான்கு பைகளிலும் தேயிலைப் பொட்டலங்களை இறக்கினேன். உடுத்தியிருப்பதை யாரும் தராசில் ஏற்றுவதில்லை. கட்டுநாயக்க வெயிலில், நுவரெலியா மார்கழிக்குத் தைத்த ஜாக்கெட்டோடு, வயிற்றுப் பக்கம் இரண்டு பொட்டலங்கள் துருத்திக்கொண்டிருக்க நான் திரும்ப வரிசையில் நின்ற கோலத்தை அந்த மனிதர் பார்த்தார். பை 6 கிலோ 950. சிட்டை கிடைத்துவிட்டது. விமானத்துக்குள் போய் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள்ளேயே வைத்தேன். அதே எடைதான் அதே விமானத்தில் பறந்தது. விதிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

எங்கெங்கே பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். எடையைப் பார்ப்பது பெரும்பாலும் கவுண்டரில். பாதுகாப்புச் சோதனைக்காரர்களுக்கு உங்கள் பை எட்டுக் கிலோவா பத்துக் கிலோவா என்பது பொருட்டல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் அவர்கள் வேலை. திரவம் என்றால் ஒரு போத்தல் 100 மில்லிலீற்றருக்கு மேல் போகக்கூடாது. பாணியும் திரவம்தான் என்று நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அத்தைக்கு வாங்கிய முக்கால் லீற்றர் கித்துள் பாணி, மூடி திறக்காமலேயே தொட்டிக்குள் போனது. மூன்றாவது இடம் விமானம் ஏறும் வாசல். குறைந்த கட்டண விமானங்களில் அசல் கண்டிப்பு அங்கேதான் காத்திருக்கும். அங்கே மாட்டினால் ஓரமாகப் போய்ப் பிரித்துக் கட்ட நேரமும் இருக்காது.

நான் மாட்டியதும் அப்படி ஒரு வாசலில்தான், திரும்பி வரும் வழியில். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அத்தை ஓர் அலுமினிய இட்லிப் பானை கொடுத்திருந்தார். பானை காற்று மாதிரி, எடையே இல்லை. மொத்தப் பை ஆறு கிலோவைத் தொடவில்லை. அதனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். வாசலில் இருந்த இளைஞர் தராசைத் தேடவே இல்லை. "சார், இதில் வையுங்கள்" என்று இரும்புச் சட்டத்தைக் காட்டினார். பையின் கீழ்ப்பாதி இறங்கியது. பானையின் வயிறு வந்ததும் நின்றுவிட்டது. திருப்பி வைத்தேன், படுக்க வைத்தேன், முழங்கையால் அழுத்தினேன். பானைக்குள் சேலைகளைத் திணித்து இடம் மிச்சம் பிடித்தவன் நான். பானையின் வயிற்றை என்ன செய்வது? பின்னால் நின்ற அம்மா ஒருவர், பானையை மட்டும் வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் ஒருவருக்கு ஒரு பொதி, பானை இரண்டாவது பொதி என்று இளைஞர் முடிவாகச் சொல்லிவிட்டார். கடைசியில் பணம் கட்டினேன். அந்தப் பணத்துக்கு அட்டன் கடைத்தெருவில் இரண்டு பானை வாங்கியிருக்கலாம். பானை இன்றும் வீட்டில் இருக்கிறது, இட்லி நன்றாகத்தான் வருகிறது.

ஏன் ஒரு நாள் விட்டுவிடுகிறார்கள், இன்னொரு நாள் பிடிக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். விமானம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான் முதல் காரணம். 180 இருக்கை உள்ள விமானத்தில் ஆளுக்கு 7 கிலோ என்றாலே 1,260 கிலோ தலைக்கு மேல் ஏறுகிறது. ஆளுக்கு மூன்று கிலோ கூடினால் இன்னும் 540 கிலோ. பயணியையும் கைப்பையையும் சேர்த்து ஒரு சராசரி எடையை வைத்துத்தான் விமானத்தின் பாரத்தைக் கணக்கிடுகிறார்கள். எல்லோரும் என்னைப்போல ஜாக்கெட் போட்டால் அந்தச் சராசரி என்ன ஆவது? ஆனாலும் நடைமுறையில் அவர்களை விரட்டுவது எடையைவிட இடமும் நேரமும்தான். மேலே உள்ள தட்டுகள் நிரம்பிவிட்டால், கடைசியாக ஏறும் இருபது பேரின் பைகளை வாங்கிக் கீழே அனுப்ப வேண்டும், விமானம் தாமதமாகும். பாதி காலியான விமானத்தில் யாரும் உங்கள் பையைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். பண்டிகைக்கு முந்தின வாரத்தில் பார்ப்பார்கள்.

இரண்டாவது காரணம் காசு. ஐரோப்பாவின் ரயன்எயர், அளவு மீறிய பையைப் பிடிக்கும் ஊழியருக்குப் பை ஒன்றுக்கு 1.50 யூரோ கொடுத்துவந்தது. 2025 நவம்பரிலிருந்து அதை 2.50 யூரோ ஆக்கியது. பிடித்தால் காசு என்று வைத்துவிட்டால் கண் தானாகவே கூர்மையாகிவிடும். நம் பக்கத்து நிறுவனங்கள் எல்லாம் அப்படி என்று நான் சொல்லவரவில்லை. பைக்கட்டணத்தில் பிழைக்கும் நிறுவனம் எது, சரக்கு அறையில் போகும் பெரிய பெட்டிக்கான கட்டணத்தையும் டிக்கெட் விலைக்குள்ளேயே சேர்த்துவிடும் நிறுவனம் எது என்று பார்த்துக்கொண்டால், எங்கே கண்டிப்பு இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

விதியும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஸ்ரீலங்கன், எமிரேட்ஸ், கட்டார், இண்டிகோ எல்லாம் சாதாரண வகுப்புக்கு 7 கிலோதான். எயர் ஏசியாவில் இரண்டு பொதி கொண்டுபோகலாம், ஆனால் இரண்டும் சேர்ந்தே 7 கிலோ. பிரிட்டிஷ் எயர்வேஸில் 23 கிலோ வரை, தட்டில் நீங்களே தூக்கி வைக்க முடிந்தால் சரி. அளவில் இன்னும் குழப்பம். இண்டிகோவுக்கு 55, 35, 25 சென்டிமீற்றர். கட்டாருக்கு 50, 37, 25. ஒன்றுக்குப் பொருந்தும் என்று வாங்கிய பை மற்றதற்கு ஐந்து சென்டிமீற்றர் உயரமாகிவிடும். சக்கரமும் கைப்பிடியும் அளவில் சேர்த்தி. பை வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் அளவு சக்கரம் இல்லாமல் சொன்னதாக இருக்கலாம், அளவுநாடாவோடு போங்கள்.

உங்கள் எட்டரைக் கிலோவுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் அரைக் கிலோ வரை பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஒன்றரைக் கிலோ என்றால் தராசில் ஏறிய அன்று தப்ப முடியாது. தராசில் ஏற்றுவதா என்பதைப் பெரும்பாலும் பையின் தோற்றமே தீர்மானிக்கிறது. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை உடனே தராசுக்குக் கூப்பிடுவார்கள்; அதே எடையுள்ள துணிப்பையை ஒரு தோளில் சாதாரணமாகத் தொங்கவிட்டு நின்றால் பல நேரம் கேட்பதில்லை. தோள் ஒரு பக்கம் சாயாமல் நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் டிக்கெட்டோடு பெரிய பெட்டி இருக்கிறதென்றால் இந்த நாடகம் எதற்கு? ஒன்றரைக் கிலோவை அதற்குள் போட்டுவிடுங்கள். பெரிய பெட்டி இல்லாத டிக்கெட் என்றால் முன்கூட்டியே இணையத்தில் எடை வாங்குங்கள், வாசலில் கேட்கும் விலையைவிட அது பெரும்பாலும் மலிவு.

இன்னொன்று. வாசலில் பையை வாங்கிக் கீழே அனுப்பப்போகிறார்கள் என்றால், பவர் பேங்க்கை முதலில் வெளியே எடுங்கள். அது சரக்கு அறைக்குள் போகவே கூடாது, கையோடுதான் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், மருந்து, காசு ஆகியவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இதற்காகவே நான் பைக்குள் மேலாக ஒரு சின்னத் துணிப்பையை வைத்திருக்கிறேன். கூப்பிட்டதும் அதை உருவிக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம், வரிசையை நிறுத்தி வைத்துக்கொண்டு துழாவ வேண்டியதில்லை.

கித்துள் பாணி கொண்டுபோகிறீர்களென்றால் பெரிய பெட்டியில்தான். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மூன்று பொலித்தீன் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். இரண்டு பை போதாது. சொந்த அனுபவம், சட்டையில் எறும்பு வந்தது.